ஊர் மைனஸ் பதினாலில் நின்றபோது

பரிசல்பாளையத்தில் விசைத்தறியும் கொசுவும் ஒரே அளவுக்குச் சத்தம் போடத் தொடங்கிய அந்த ஐப்பசி மாதத்துக் காலையில், டீக்கடைப் பழனியப்பன் கண்ணாடி டம்ளரைப் பலகையில் வைத்தான். வைத்த சத்தம் எதிர்க்கொட்டகையில் ஓடுகிற தறிகளின் சத்தத்துக்குச் சரிசமமாகக் கேட்கவே, டம்ளரில் விரிசல் விட்டுவிட்டதோ என்று தூக்கி வெயிலில் பார்த்தான். விரிசல் இல்லை. மறுபடி வைத்தான், மறுபடி அதே சத்தம். சரி, இன்றைக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்று அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டான்.

காவிரிக்கு இந்தக் கரையில் இருக்கிற எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு தறி, தறிக்கு ஒரு மோட்டார், பிறக்கிற பிள்ளை முதலில் கேட்பது அம்மாவின் குரலா தறியின் குரலா என்று கேட்டால் தறி என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டகைக்குள் வாயால் பேசி ஆகாது என்பதால் எங்களுக்குக் கையால் ஒரு பாஷை உண்டு: நூல் அறுந்தது, மோட்டார் சூடாகிவிட்டது, சாப்பிட வா, தறியை நிறுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு கையசைப்பு. கொட்டகைக்கு வெளியே வந்தால் கத்துவோம். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன வெளியூர் மாப்பிள்ளைகள், கொஞ்சிப் பேசுவதைக்கூடச் சண்டை என்று நினைத்துக்கொண்டே முதல் வருஷத்தை ஓட்டுவார்கள். அமாவாசைக்கு மட்டும் தறி நிற்கும், அன்றைக்குப் பிள்ளைகள் தூக்கம் வராமல் அழும்.

இப்படிப்பட்ட ஊரில் தமயந்தி என்ன தொழில் செய்தாள் என்றால், பாட்டுகளின் சத்தத்தைச் சரிபார்க்கிற தொழில். சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவள், புருஷனுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு வந்து, தறிக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை கட்டி, சுவரெல்லாம் தேங்காய் நார்ப் பாயும் ஸ்பாஞ்சும் ஒட்டி, தடித்த கதவு ஒன்றும் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாடி, இசை சேர்த்து, எல்லாம் முடிந்த பாட்டுகள் அவளுக்குக் கம்ப்யூட்டரில் வரும். செல்போனில் பாட்டு கேட்கிற செயலிகளுக்கு அனுப்பும் முன், அதன் சத்தத்தை ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்து தருவது அவள் வேலை.

அந்தச் செயலிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. எவ்வளவு கத்திக்கொண்டு வருகிற பாட்டாக இருந்தாலும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை மொத்தமாக அளந்து, மைனஸ் பதினாலு என்கிற ஒரே அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்க விடும். பந்தியில் எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்தாலும் ஒரே இலைதான் போடுவார்களே, அது மாதிரி. ஆகவே பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஒரு பாட்டை அமுக்கிப் பிதுக்கிக் கத்த வைத்தால் லாபம் ஒன்றுமில்லை, சத்தத்தைச் செயலி இறக்கிவிடும், அமுக்கின அமுக்கல் மட்டும் மிஞ்சும்.

இது தமயந்திக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த காது ஆயிற்றே. பாட்டில் ஒரு இடம் மெலிந்து வந்தால் அவளுக்குப் பயம் வந்துவிடும், ஐயோ இதைத் தறி தின்றுவிடுமே என்று. உலகத்தில் எல்லாரும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாட்டு கேட்கிறார்கள் என்று அவள் காது நம்பியது. அதனால் மெலிந்த இடங்களையெல்லாம் தூக்கித் தூக்கி உயர்ந்த இடங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது.

அவள் பயத்துக்கு இன்னொரு காரணம் அவள் புருஷன் அர்த்தநாரி. ஒரு காலத்தில் வள்ளி கும்மிக்கு முன்பாட்டுப் பாடினவன், அவன் முதல் அடி எடுத்தால் மைதானத்தின் கடைசி வரிசைவரை கால் தானாக எழும். கழுத்தில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்ததில் கட்டியோடு குரலும் போயிற்று. மிச்சம் இருந்தது மூச்சு மட்டும். வேறு ஊரில் இருந்திருந்தால் அந்த மூச்சை வைத்துக்கொண்டு காதோரம் பேசியாவது பிழைத்திருப்பான், இங்கே மூச்சு எந்தக் காதுக்குப் போய்ச் சேரும்? பேசிப் பேசிப் பார்த்து, எல்லாரும் "என்னங்? என்னங்?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வாயை மூடிக்கொண்டு தறி ஓட்டப் போனான். மைக்கின் முன்னால் பேசுங்கள் என்று தமயந்தி கெஞ்சினாள். அந்தக் குரலைக் கேட்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது, மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டான். அதன் பிறகு புருஷனும் பெண்சாதியும் தறிக்காரர்களின் கைபாஷையில்தான் குடும்பம் நடத்தினார்கள், அந்தப் பாஷையில் சாப்பிடக் கூப்பிடலாம், வேறு எதற்கும் கூப்பிட முடியாது.

இந்த நிலையில்தான் கும்மி ஆசிரியர் ரங்கசாமி தன் குழுவின் பாட்டைச் செயலியில் போட வேண்டும் என்று வந்தார். அக்கரைக் குழுவும் ஒரு பாட்டுப் போட்டிருந்தது, அதைவிடத் தன் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கோரிக்கை. தமயந்தி முதலில் செய்து கொடுத்ததைக் கேட்டுவிட்டு, சத்தம் பத்தவில்லை என்றார். அவள் இன்னும் அமுக்கினாள். அது செயலியில் இறங்கி ஒலித்ததைக் கேட்டுவிட்டு அக்கரைக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்றார். செயலியின் வழக்கத்தை அவள் எடுத்துச் சொன்னாள். அதெல்லாம் அக்கரைக்குச் சொல்லு அம்மிணி, நமக்கு இன்னும் ஒரு பிடி ஏற்று என்றார். மனுஷனை அனுப்பினால் போதும் என்று அவள் அந்த ஒரு பிடியையும் ஏற்றினாள். கைத்தட்டல், சலங்கை, மத்தளம், பாடுகிறவர், பின்னால் இருமினவர் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன, திரையில் பாட்டின் படம் மேடு பள்ளம் இல்லாமல் செங்கல் மாதிரி தெரிந்தது. அதைச் சேமித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள், ஊரும் அப்படியே நின்றது.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் யாரையும் அமுக்கவில்லை. கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம், சுவரில் பல்லி சொன்ன சத்தம், ஆற்றுப்பாலத்தில் லாரி போகிற சத்தம், எல்லாம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி ஒன்றன் பக்கத்தில் ஒன்று நின்றன. அந்த வரிசையில் ஒரு குரலும் நின்றது. கொட்டகைக்குள் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அர்த்தநாரி, தறியைப் பார்த்து, எண்ணெய் வைத்து எத்தனை நாள் ஆச்சோ, சனியன், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். தமயந்தி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் திரும்பிப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டான். கேட்டது தன் காதிலேயே விழுந்ததும் அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைக்காலம் வந்தால் குடை எடுப்பது போல எடுத்துக்கொண்டது. முதல் கஷ்டம் சமையலுக்கு வந்தது, குக்கர் விசிலும் பூனை நடையும் ஒரே சத்தமாக இருந்ததால் எந்த வீட்டிலும் விசில் கணக்குப் பிடிபடவில்லை, ஊர் முழுக்கக் குழைந்த சோறு தின்றது. தறி ஓனர்களுக்கு ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தால், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிடுகிற சௌகரியம் போயிற்று. புறம் பேசுகிறவர்கள்பாடு பெரிய பாடு ஆயிற்று: காதோடு காதாகச் சொன்னது தெருக்கோடிவரை கேட்டதால், பேசப்பட்டவரே வந்து மீதிக் கதையையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், அதில் ஒரு கல்யாணம் நின்றது, நின்றுபோயிருந்த ஒரு கல்யாணம் கூடியது. சந்துச் சுவருக்காகத் தலைமுறையாகக் கத்திக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகள், கத்துவதில் இனிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் வார்த்தைகளைத் தேடத் தொடங்கி, வார்த்தை அகப்படாமல், அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

பழைய இரும்பு வாங்குகிறவன் ஒலிபெருக்கியை வண்டியோடு ஓரங்கட்டிவிட்டு வீடு வீடாக வந்து கேட்க வேண்டியதாயிற்று. சத்தம் அளக்கிற கருவியோடு ஒரு அதிகாரி வந்தார், கோவில் மணிக்கும் தன் பேனா மூடிக்கும் ஒரே எண் காட்டியதைப் பார்த்து, கருவியில் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். பாலத்தின் பாதியில்தான் எல்லை. அங்கே வரும்வரை அலறிக்கொண்டு வந்த பேருந்து ஆரன், பாதியைத் தாண்டியதும் மரியாதையாக வந்தது. காரணம் தமயந்தி வீட்டுப் பாட்டுதான் என்று இரண்டொரு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதற்காக யாரும் அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. டீக்கடையில், இன்றைக்கும் ஊர் மைனஸ் பதினாலில்தான் இருக்கிறதாக்கும் என்று ஒருவர் சொல்வார், ஆமாங், வெயில் மட்டும் ஏறிப்போச்சு என்று இன்னொருவர் சொல்வார்.

அர்த்தநாரியோ பேசினான். இத்தனை வருஷம் அடைத்து வைத்ததையெல்லாம் பேசினான். பழனியப்பனிடம் போய், டீயில் சர்க்கரையைக் குறை என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் தெரியுமா என்று சண்டை பிடித்தான், பழனியப்பன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். தமயந்தியின் ரசத்தில் பெருங்காயம் அதிகம் என்றான். மச்சினன் கல்யாணத்தில் தனக்கு மரியாதை குறைந்ததைப் பற்றிச் சொன்னான், அந்த மச்சினனின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் முதலில் அவள் பேரைத்தான் சொன்னதாகவும், அவள் திரும்பவில்லை என்றும், அது முதல் அவள் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டதாகவும் ஒருநாள் மத்தியானம் சொன்னான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது சொல்லுங்கள் என்றாள். சொன்னான். இன்னொரு தரம் என்றாள். இப்படி அந்த வீட்டில் பிடுங்கலும் கொஞ்சலுமாக ஐப்பசி போனது, தமயந்தி இவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை.

ரங்கசாமி திரும்பவும் வந்தார். பாட்டில் சத்தம் இருக்கிறது, உயிர் இல்லை என்றார். கும்மி வேகம் எடுக்கிற இடம் எது என்றே தெரியவில்லை, ஆடுகிற பெண்களுக்குக் கால் எழவில்லை, கேட்கிறவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். திருத்தித் தா என்றார். திருத்தினால் ஊரும் பழையபடி ஆகிவிடும் என்று தமயந்திக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினாள். அவர் கிளம்புகிற நேரத்தில் கொட்டகையில் அர்த்தநாரி முனகிக்கொண்டிருந்தது கேட்டது, பழைய முன்பாட்டு. ரங்கசாமி நின்றார். உள்ளே போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து மைக்கின் முன்னால் நிறுத்தினார். ஊரே தன் பேச்சைக் கேட்கிற அந்த நாட்களில் அவனுக்கு வெட்கம் மறந்திருந்தது. "மெல்ல வந்து நில்லு வள்ளி, மேகம் பாக்குது" என்கிற முதல் அடியை அந்த மூச்சுக் குரலிலேயே பாடிக் கொடுத்தான். தமயந்தி அதை வாங்கி வைத்துக்கொண்டாள், பாட்டில் சேர்க்கவில்லை.

எதிர்க்கொட்டகையில் சாரதா என்று ஒருத்தி தறி ஓட்டினாள். ஒரு நாள் மதியம் அவளுடைய சேலைத் தலைப்பு மோட்டார் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. பெல்ட் இழுக்க இழுக்கக் கையும் சேர்ந்து போனது. அவள் உயிர் போகிற மாதிரி அலறினாள், அந்த அலறல் மற்ற எல்லாச் சத்தத்தின் அளவுக்கே இருந்தது. பக்கத்துத் தறிக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச முடியாத வருஷங்களில் மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பழகிப் போன அர்த்தநாரி, ஜன்னல் வழியே அவள் வாயைப் பார்த்தான். தெருவைத் தாண்டி ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். சாரதாவின் கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, உயிர் தப்பியது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அர்த்தநாரி சாப்பிடாமல் தமயந்தியின் அறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பாட்டத் திருப்பிப் பண்ணீரு, தமயந்தி."

"பண்ணுனா உங்க பேச்சு போயிருமுங்."

"போனாப் போகுது."

"உங்களுக்குப் போனாப் போகுது. எனக்கு?"

அவன் எதிர்க்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான். "அவ அலறுனப்போ பக்கத்துல நின்ன புள்ள, ஏதோ கதை பேசறான்னு நெனச்சு அறுந்த நூல முடிஞ்சுட்டு இருந்துச்சு. கத்துனாக் கேக்கோணும். அது கேக்காத ஊர்ல நான் பேசி என்ன பண்ணப் போறேன்?"

அவளுக்குக் கோபம் மட்டும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அன்று சாயங்காலம்வரை அவனைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பெருங்காயத்தைப் பற்றியும் மச்சினன் கல்யாணத்தைப் பற்றியும் மறுபடி சொன்னான். பிறகு அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அமுக்கினதையெல்லாம் கழற்றிவிட்டு, பாட்டை அது வந்த நிலையிலிருந்து தொடங்கினாள். அதே மைனஸ் பதினாலுதான், ஆனால் அது மொத்தப் பாட்டுக்குமான அளவு, ஒவ்வொரு நொடிக்குமானது அல்ல. ஓரிடம் தணிந்து நின்றால்தான் இன்னோரிடம் நிமிர இடம் கிடைக்கும். இதுவும் அவளுக்குப் புதிதல்ல, காதுதான் இத்தனை நாள் ஒப்பவில்லை. தொடக்கத்தில் அர்த்தநாரியின் அடியை வைத்தாள், மத்தளம் இல்லாமல், சலங்கை இல்லாமல், மூச்சு மட்டும். அதைத் தூக்கச் சொல்லிக் கை துடித்தது. தூக்கவில்லை. சேமித்தாள். அறைக்கு வெளியே தறிகள் பழையபடி எழுந்து ஊரை மூடிக்கொண்டன, தரை அதிர்ந்தது. கதவைத் திறந்தாள். அர்த்தநாரி வாசலில் நின்று ஏதோ சொன்னான், உதடு அசைந்தது. கேட்கவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் கையால், சாப்பிட வா, என்றான்.

பாட்டு செயலியில் வந்த அன்று சாயங்காலம், டீக்கடையில் கூட்டம். பழனியப்பன் போனை ஸ்பீக்கரில் மாட்டிப் பாட்டைப் போட்டான். ஒன்றும் கேட்கவில்லை. ஆரம்பத்தைத் தறி தின்றுவிட்டது, நான் அப்போதே அம்மிணியிடம் சொன்னேன் என்று ரங்கசாமி அவன் காதில் கத்தினார். பழனியப்பன் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான். காது வைத்தபடியே அவன் முகம் மாறியது. பாட்டை நிறுத்தினான். எழுந்து தெருவுக்கு வந்து, எதிர்க்கொட்டகையைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழே காட்டி இறக்கினான். தறியை நிறுத்து.

கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்திருந்த சாரதா அதைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து போய் இடது கையால் மெயின் சுவிட்சை இறக்கினாள். அடுத்த கொட்டகைக்காரர் எட்டிப் பார்த்தார், அவருக்கும் உள்ளங்கையைக் காட்டினாள், அவர் தனக்கு அடுத்தவருக்குக் காட்டினார், அந்தக் கையசைப்பு தெருத் தெருவாகப் போய் ஆற்றங்கரைவரை சேர, ஒவ்வொரு கொட்டகையாக ஓய்ந்து, அமாவாசையும் இல்லாத, கரண்டும் போகாத ஒரு சாயங்காலத்தில் பரிசல்பாளையம் தானாகவே நின்றது.

தமயந்தி தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷனின் குரலைத் தறி தின்பதை அவளால் கேட்க முடியாது. காலுக்கடியில் தரையின் அதிர்வு நின்றது. முதலில் தன் உடம்புக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கதவைத் திறந்தாள்.

பழனியப்பன் பாட்டை மறுபடி போட்டிருந்தான். மெல்ல வந்து நில்லு வள்ளி, மேகம் பாக்குது. தெரு முழுக்க அந்த மூச்சு போனது. அதன் பிறகு ஒரு கைத்தட்டல், பிறகு கால்கள், பிறகு மத்தளம், பிறகு மொத்தக் குழுவும் எழுந்தபோது கடைக் கூரைத் தகரம் அதிர்ந்தது, பிள்ளைகள் நடுத்தெருவில் ஆட ஓடின, ரங்கசாமி பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, இதாங், இதாங் என்று அழுதார். அக்கரையை அவர் மறந்தே போனார்.

பாட்டு முடிந்தது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. கொட்டகை வாசலில் நின்ற அர்த்தநாரி, சுற்றிலும் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு வாயைத் திறந்தான்.

"தமயந்தி, கேக்குதா?"

"கேக்குதுங்," என்றாள். கத்தாமல் சொன்னாள்.

அவன் அவளிடம் பேசத் தொடங்கினான். பெருங்காயத்தைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ, மரியாதைக்காக நாங்கள் காது கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துச் சாரதாதான், சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்ணா, பேசி முடிச்சாச்சுங்களா? தறி போடலாங்களா?"

"இன்னுங் கொஞ்சம் இருக்குது, சாரதா," என்றான் அர்த்தநாரி.

அவள் கையை எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கொஞ்சம் இன்னும் முடிந்தபாடில்லை. இப்போதும் எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தறிகள் நிற்கின்றன, அவர்கள் பேசி முடித்த பிறகுதான் ஓடுகின்றன.